பிடித்த பிரேக் விடவில்லை

செல்லதுரை முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்றுக்கூடப் போகாமல் கிர்ரென்று நின்றது. பிரேக்கை யாரும் தொடவில்லை.

"மாயம்மா, வண்டி பிடிக்குது."

"ஏங்க, இன்னைக்குன்னு பார்த்தா?" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் மாரியம்மன் ஊர்வலம். கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போன அந்தப் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளைச் செல்லதுரையின் அப்பா வாங்கிய நாள்முதல், கொச்சி மட்டாஞ்சேரித் தெருக்களில் அம்மனுக்கு முன்னே போவது அதுதான். அந்த இடத்தில் வேறொருவனின் ஸ்கூட்டர் போனால் குடும்பத்துக்கு என்ன மரியாதை?

தெருமுனை மெக்கானிக் ராமர் வந்தான். குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"டிரம் பிரேக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்பேன் அண்ணாச்சி. இது டிஸ்க். இங்க இது தெரிஞ்ச ஆளு பிரதீஷ் ஒருத்தர்தான்."

"அந்தப் பேரை என் வாசல்ல சொல்லாதே!"

பிரதீஷ், அவர் தங்கை பேச்சியம்மாளைக் கேட்காமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட மலையாளி. அவன் வாசலை மிதிப்பதில்லை என்று செல்லதுரை சபதம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. சபதம் என்றால் சபதம்.

கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஊருக்கே தண்ணீர் விட்டவருக்கு ஒரு விரல் தடிமன் பிரேக் குழாய் எம்மாத்திரம்?

பிரேக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். முன்பு முனகிய சக்கரம் இப்போது அலறியது.

"அடைப்பு இருக்கு," என்று தீர்மானித்து, அடியில் இருந்த திருகைத் திறந்து திரவத்தை வடியவிட்டார். சக்கரம் ஜம்மென்று சுற்றியது. மீசையைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று கிளம்பினார். பிரேக் பிடித்தார். பிடி கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. சுக்கு மூட்டை ஒன்றுதான் நிறுத்தியது.

"கண்ணு கண்டூடே சேட்டா?" என்று, கண் தெரியவில்லையா எனக் கேட்டு மூட்டைக்காரன் கத்தினான்.

செல்லதுரை வண்டியைத் திருப்பினார். புதுத் திரவம் வாங்கி வந்து பிரேக் டப்பாவின் கழுத்துவரை ஊற்றினார்.

"கோடு போட்டிருக்கே, அதுக்கு மேல ஊத்தலாமா?" என்றாள் மாயம்மாள்.

"குழாய்ன்னா நிறைஞ்சிருக்கணும். ஏறு, கோயிலுக்கு நேரமாச்சு."

கொச்சங்காடித் தெரு வரை வண்டி வந்தது. வெயிலும் சூடும் ஏற ஏற, பிரேக் இறுகியது. பண்டகசாலைகளுக்கு நடுவே, லாரி ஒதுங்க இடமில்லாத சந்தில், சக்கரம் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. டிஸ்க்கிலிருந்து புகை வந்தது. பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.

"தள்ளு சேட்டா!"

"எங்க குடும்பத்துல எவனும் வண்டியைத் தெருவுல தள்ளினதில்லை," என்றார் செல்லதுரை, இறங்காமலே.

மாயம்மாள் இறங்கிக்கொண்டாள். சுமைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். ஆளோடு சேர்த்து முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு, எதிரே இருந்த ஒர்க்ஷாப்புக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். செல்லதுரை பல்லக்கில் வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகுதான் யாருடைய ஒர்க்ஷாப் என்று பார்த்தார்.

கால் தரையில் படவில்லை. ஆகவே வாசலை மிதிக்கவில்லை. அந்த மட்டில் திருப்தி.

பிரதீஷ் ஸ்பானரை எடுத்தான். உள்ளே இருந்து பேச்சியம்மாள் டம்ளரோடு வந்தாள். வயிறு முன்னே வந்தது, அவள் பின்னே வந்தாள்.

"அண்ணே, சாயா."

செல்லதுரை வண்டிமேல் இருந்தபடியே வாங்கிக்கொண்டார். அவள் வயிற்றைப் பார்த்தார்; உடனே டம்ளரை ஊதத் தொடங்கினார். சாயா சூடு என்று வைத்துக்கொண்டார்.

பிரதீஷ் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் புது ரப்பர் போட்டான். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"ஊர்வலத்துக்குப் போகலாம் சேட்டா. பட்சே ஒரு காரியம்." ஊதிப்போன பழைய ரப்பரை நீட்டினான். "ஆரோ போன வாரமே பிரேக் திரவத்துல தேங்காயெண்ணெய் ஊத்தியிருக்கு. அதான் வீங்கிப் பிடிச்சது."

செல்லதுரைக்கு முதுகு விறைத்தது. "என் வீட்டுல அப்படி ஒரு மடையன் கிடையாது!"

மாயம்மாள் நாத்தனாரின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தபடி சொன்னாள்: "மடையன் கிடையாதுங்க, நான்தான் ஊத்தினேன், இவளுக்கு ஏழாம் மாசம் வளையல் போட நீங்களா வருவீங்கன்னு காத்திருந்தா, பிள்ளை பள்ளிக்கூடமே போயிருக்கும்."