பிரான்ஸில் முதலில் இறங்கியவன்

மும்பையில் பத்து வருஷம் லோக்கல் ரயிலில் போய்வந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். சயானில் இறங்க வேண்டியவன் தாதரிலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவான். வராவிட்டால் குர்லாவில்தான் இறங்க முடியும். நான் தாராவியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவன். இருபத்தைந்து வருஷமாக அந்த வியாதியோடுதான் குடும்பம் நடத்துகிறேன். தியேட்டரில் படம் முடியும் முன்பே எழுந்து நிற்பேன். விமானம் தரையைத் தொட்டவுடன் பெல்ட்டைக் கழற்றிப் பணிப்பெண்ணிடம் திட்டு வாங்குவேன். இவையெல்லாம் உள்ளூர் அவமானங்கள். பெரிய அவமானத்துக்கு பிரான்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

என் தங்கை செல்வி கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது வார்த்தையைச் செலவழிக்காத மனிதர். ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் நானும் என் மனைவி சாந்தியும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். அதைக் கப்பலில் ஏற்றிக் கலே துறைமுகத்தில் இறக்கி, ஒரு மணி நேரம் ஓட்டினால் லு தூக்கே என்று ஒரு கடற்கரை ஊர். பிரெஞ்சுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து வெயில் காய்கிற இடம். இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று ஏற்பாடு.

பாஷையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்தின நாளே அறிவித்துவிட்டேன். (மும்பையில் பன்னிரண்டாம் வகுப்பில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுப்பது வழக்கம். நானும் எடுத்து தொண்ணூறு வாங்கினவன். தமிழில் எழுதச் சொன்னால் எனக்கு ழகரமும் ளகரமும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதை யாரும் கேட்கவில்லை.) மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். செல்வி, அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று சொன்னாள். பாவம், சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை.

இங்கிலாந்துக் கரையில் டோவர் துறைமுகத்தில் கார் கப்பலுக்குள் போனது. ஐந்து வரிசையாகக் கார்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு நடு வரிசை. காரைப் பூட்டிவிட்டு எல்லோரும் மாடிக்கு ஏற வேண்டும் என்பது விதி. பாதிப் படி ஏறியபின் சாந்திக்குக் குளிர்ந்தது. சால்வை டிக்கியில் இருந்தது. மாப்பிள்ளையிடம் சாவியை வாங்கிக்கொண்டு நான் கீழே ஓடி, சால்வையை எடுத்து, காரைப் பூட்டி, சாவியை என் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். சால்வையைச் சாந்தியிடம் கொடுத்தேன். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டாவது வார்த்தை செலவாகியிருக்கும்.

ஒன்றரை மணி நேரப் பயணம். கரை தெரிய ஆரம்பித்ததும் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். எனக்குக் கால் அரித்தது. சில பேர் தோள்பையோடு ஒரு கதவுப் பக்கம் போய் நிற்பதைப் பார்த்தேன். உடனே நானும் கிளம்பினேன்.

சாந்தி கையைப் பிடித்தாள். "ஏங்க, எல்லாரையும் காருக்குப் போவச் சொல்லுதாங்க."

கார் தன் வழியில் இறங்கும், மனுஷன் தன் வழியில் இறங்குவான், ஓட்டுகிறவர் மட்டும் கீழே போனால் போதும் என்று அவளுக்கு விளக்கினேன். நீங்கள் மெதுவாக வாருங்கள், நான் முதலில் இறங்கி வாசலில் நிற்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்வியோடும் மாப்பிள்ளையோடும் படியிறங்கிப் போய்விட்டாள். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. நான்தான் முதல் ஆள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு ஆள் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி இருந்தால் இவர்கள் எந்த ஜென்மத்தில் சயானில் இறங்குவது என்று பரிதாபப்பட்டுக்கொண்டே இறங்கினேன். வெளியே ஒரு பஸ் நின்றது. அதிலும் முதலில் ஏறி வாசலோரம் உட்கார்ந்தேன். கப்பலுக்குக் கார் இல்லாமல் நடந்து வந்தவர்களுக்கான பஸ் அது என்று எனக்குத் தெரியாது. அது துறைமுகத்தைச் சுற்றி எங்கெங்கோ போய் ஒரு கட்டடத்தின் முன் எங்களை இறக்கிவிட்டது. எல்லோரும் கலைந்து போனார்கள். கடல்காற்று காதை அறுத்தது. கையைப் பைக்குள் விட்டேன்.

சாவி.

கார் இன்னும் கப்பலுக்குள் நிற்கிறது. நடு வரிசை. முன்னால் போகிறவர்கள் போய்விடுவார்கள். பின்னால் நிற்கிற அத்தனை காரும் எங்கள் காரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். போனை எடுத்தேன். அதில் சிக்னல் இல்லை. (போகிற இடமெல்லாம் வைஃபை இருக்கும், ரோமிங் போடுவது ஏமாளி வேலை என்று ஏர்போர்ட்டில் சாந்திக்குப் பாடம் எடுத்திருந்தேன்.)

மஞ்சள் கோட்டு போட்ட ஒரு அம்மா அங்கே பயணிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். தொப்பி, கழுத்துக்குத் துண்டு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. அவரிடம் ஓடினேன். தொண்ணூறு மார்க்கைக் கூப்பிட்டேன். வரவில்லை. சாவிக்குப் பிரெஞ்சில் என்ன, கப்பலுக்கு என்ன, ஒன்றும் வரவில்லை. பாடப்புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியம் மட்டும் முழுசாக எழுந்து வந்தது. "மொன் ஓங்க்ல் ஏ தான் ல ஜார்தான்" என்றேன். என் மாமா தோட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த அம்மா எந்தத் தோட்டம் என்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தார். நான் சாவியை ஆட்டிக் காட்டினேன். கையால் கப்பல் வரைந்தேன். ஸ்டியரிங் பிடித்து ஓட்டிக் காட்டினேன். பிறகு இன்னும் சத்தமாக, மாமா தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று மறுபடி சொன்னேன். கடைசியில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ முருகா, இப்ப நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று எனக்கு நானே புலம்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, தமிழிலை சொல்லுங்கோ. எனக்கு விளங்கும்."

யோகேஸ்வரி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறார். நான் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாக்கி டாக்கியில் நாலு வார்த்தை பேசினார். மேலே மஞ்சள் விளக்கு சுழலும் ஒரு ஜீப் வந்தது. தனியாக விட்டால் நான் இன்னும் யாரிடமாவது தோட்டத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

கப்பலுக்குள் நாங்கள் நுழைந்தபோது அது காலியாக இருந்தது. மற்ற கார்களைப் பின்னுக்கு எடுத்து, ஒவ்வொன்றாக ஒதுக்கி வெளியே அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு பெரிய இரும்பு வயிற்றில் ஒரே ஒரு கார். பக்கத்தில் மூன்று பேர். கல்யாண மண்டபத்தைக் கழுவிவிட ஆரம்பித்த பிறகும் வேனுக்குக் காத்து நிற்கும் கடைசிச் சொந்தக்காரர்கள் போல் இருந்தார்கள். ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். பதற்றத்தில் நான் அவர்களுக்குக் கையசைத்துவிட்டேன். தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி இருந்தது என்று செல்வி பின்னால் சொன்னாள்.

நான் இல்லாதபோது நடந்ததையும் அவள்தான் சொன்னாள். மாப்பிள்ளை எல்லாப் பைகளையும் இரண்டு தடவை துழாவியிருக்கிறார். கப்பல்காரர் ஒருவர் வந்து சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். சாந்தி சற்றும் பதறாமல், "அவுகட்டதான் இருக்கும். எங்க வீட்டுல எது காணாமப் போனாலும் அவுகட்டதான் இருக்கும்" என்றிருக்கிறாள். செல்வி அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்ததும் பின்னால் வண்டியில் இருந்த ஒரு வயதான இங்கிலீஷ்கார அம்மா இறங்கி வந்து, சாந்தியின் தோளைத் தட்டிக்கொடுத்து பிஸ்கட் தந்தாளாம்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். "மச்சான். சாவி."

இரண்டு வார்த்தை. அவ்வளவு கோபத்தில் இருந்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு பின்சீட்டில் ஒடுங்கினேன். சாந்தி மட்டும் ஏறவில்லை. அவளும் யோகேஸ்வரியும் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர், எப்போது வந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழுக் கப்பல் அவர்களுக்காகக் காத்திருந்தது. போன் நம்பர்கள் மாறின. மும்பை மாட்டுங்காவில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் ஒன்றும் கை மாறியது.

லு தூக்கே வரை மாப்பிள்ளை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. இரண்டு மணிக்கெல்லாம் ஹோட்டல் அடுப்பை அணைத்துவிடுவார்களாம். சரி, கடலையாவது பார்ப்போம் என்று போனோம். கடல் இல்லை. தண்ணீர் உள்வாங்குகிற நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமணல். அதற்கு அந்தப் பக்கம் பென்சில் கோடு போல் ஏதோ மினுங்கியது. சரியான நேரத்துக்கு வந்திருந்தால் கடல் இருந்திருக்கும் என்று செல்வி மெதுவாகச் சொன்னாள்.

ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, சாந்தி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தோம். நாலு வாய் சாப்பிட்டபின் மாப்பிள்ளை, சாவி வாங்கியதற்குப் பிறகு முதன்முறையாக வாயைத் திறந்தார். அந்தம்மாவிடம் அப்படி என்னதான் பிரெஞ்சு பேசினீர்கள் என்று கேட்டார். மறைக்கத் தெம்பில்லை. சொன்னேன்.

அவர் அர்த்தம் கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் இன்னொரு வாய் எடுத்து மென்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. புரையேறி, மூக்கில் புளியோதரை ஏறி, கண்ணில் நீர் வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் பல்லை நாங்கள் அன்றுதான் முழுசாகப் பார்த்தோம். அந்தச் சமயம் பார்த்து ஒரு கடற்பறவை அவர் மடியிலிருந்த அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் சிரித்துக்கொண்டே போகட்டும் என்று கையைக் காட்டினார். சாயங்காலம் கடலும் திரும்பி வந்தது. நான்கு பேரும் முட்டளவு தண்ணீரில் நின்றோம். ஐஸ் போல் இருந்தது. ஆனாலும் யாரும் முதலில் கரையேறவில்லை, நான்கூட.

யோகேஸ்வரியும் சாந்தியும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறார்கள். சமையலில் ஆரம்பித்து என்னில் முடியும். போன தை மாதம் அவர் மகள் கல்யாணப் பத்திரிகை தாராவிக்குத் தபாலில் வந்தது. அடியில் பேனாவால் ஒரு வரி: "அண்ணை, நீங்கள் கட்டாயம் வர வேணும். முதல்லை சாவியைக் குடுத்துப்போட்டு வாங்கோ."

சாந்தி அந்தப் பத்திரிகையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். நான் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் யாராவது அந்த வரியை யாழ்ப்பாணத் தமிழிலேயே வாசிக்கிறார்கள். பாதி நாள் திரும்பி வந்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.