ரிஜெக்ட் அண்ணன் செய்த தோட்டா

சாட்சாத் முருகனே மயிலேறி வந்து நின்றாலும், "வேல் ஒரு சைடு சாஞ்சிருக்குதுங்க சாமி, சரி பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே மனிதர் ரிஜெக்ட் அண்ணன். திருமுருகன்பூண்டியில் சொல்லி வைத்துச் செய்த பிள்ளையாரையே, ரெண்டு காதும் ஒரே அளவில்லை என்று டேப்பை வைத்துக் காட்டி வேண்டாமென்று வந்தவர். சிற்பி என்ன சாபம் விட்டாரோ, தெரியாது.

அருள்புரத்து பனியன் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. எல்லார் கையிலும் செல்போன் புதுசாக முளைத்த காலம். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒண்டிக்கட்டையான நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மட்டும் கீழே, அண்ணன் சம்சாரம் சரசக்கா கையால்.

மனுஷனுக்கு ஒரே பொழுதுபோக்கு ரைபிள் கிளப். அங்கேயும் கை சும்மா இருக்குமா? கடைத் தோட்டாவை எடை போட்டுப் பார்த்திருக்கிறார்.

"பத்துத் தோட்டா, பத்து எடைங்க தம்பி. துணியில சாயம் மாறுனாப்பல, ஒரே பெட்டிக்குள்ள ஷேட் வேரியேஷன். இதை எப்படிங்க சுடறது?"

கிளப் மூலமாக முறைப்படி அனுமதி வாங்கி, அவர்களுடைய மெஷினையும் தராசையும் வீட்டுப் பின்னறையில் இறக்கிவிட்டார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் புதுத் தோட்டா. கேட்க லேசாகத்தான் இருந்தது.

அவர் மருந்து டப்பாவைத் திறந்தால் சரசக்கா அடுப்பை அணைத்தாக வேண்டும். சாமி விளக்கும் கூடாது. அந்த வருஷம் பூரா தாளிக்காத ரசம் குடித்தே என் நாக்கு செத்துப்போனது.

இத்தனைக்கும் ஒரு தோட்டாகூட வாசல் தாண்டவில்லை. செய்வார், அளப்பார், லென்ஸ் வைத்துப் பார்ப்பார், "ரிஜெக்ட்" என்பார், பிரித்துப் போடுவார்.

கடைசியில் கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்த வருஷப் போட்டியில நீங்க செஞ்சதைச் சுடணுமுங்க. இல்லீன்னா மெஷினைத் திருப்பிக் குடுத்துருங்க, கேக்கறதுக்கு வேற ஆள் இருக்குது."

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. அந்த மெஷின் போனால் பாதி மனுஷன்தான் மிஞ்சுவார்.

"நல்லாத்தான இருக்கு, எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"செஞ்சவனே பைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணக் கூடாதுங்க தம்பி. சரக்கு வாங்கற பையர் தரப்புல ஆள் வந்து பாஸ் பண்ணோணும். அதுதான் முறை."

"அவ்வளவுதானுங்களா? நான் வர்றேன்" என்றார் சரசக்கா.

சரக்கைப் பாஸ் பண்ண வருகிறவருக்கு இளநீரும் பிரியாணியும் வாங்கி வைப்பது பனியன் கம்பெனி வழக்கம். அடுத்த ஞாயிறு அக்கா பட்டுச்சேலை கட்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் கைகட்டி நின்றார். இளநீரும் பிரியாணியும் வந்தன. சாவகாசமாகச் சாப்பிட்டு, கை கழுவி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார் அக்கா.

"ஒரு வருஷம் லேட்டுங்க. கம்பெனிதான் நடத்தறீங்களா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்." மனுஷன் சிரிக்கவில்லை. நிஜமாகவே வியர்த்திருந்தது.

"சரி, லாட்டு பாஸு. அனுப்புங்க."

"மேடம், அந்த மூணாவது மட்டும் ஒரு நூலு ஒசரம்..."

"பையரே பாஸ் பண்ணியாச்சு. ரிஜெக்ட் பண்ண நீங்க யாருங்க?"

அண்ணன் அந்த மூணாவதையும் எடுத்து மற்றதோடு பெட்டியில் அடுக்கினார்.

போட்டியன்று பணக்காரப் பிள்ளைகள் வெளிநாட்டுத் தோட்டாவோடு வந்திருந்தார்கள். "ஊட்டுல செஞ்சதுங்களா? வெடிக்குமா, பொகையுமாங்க?" என்று ஒருவன் கேட்க, கூட்டமே சிரித்தது.

அண்ணன் குப்புறப் படுத்துக் குறிபார்த்தார். நான் வேண்டாத தெய்வமில்லை. முதல் தோட்டா டமாரென்று போனது. அடுத்ததும் போனது. அவர் சந்தேகப்பட்ட அந்த மூணாவதும் போனது. ஒன்றுகூடப் புகையவில்லை. அட்டையைக் கொண்டுவந்து காட்டினால், அத்தனையும் நடு வட்டத்துக்குள்! முதல் பரிசு அண்ணனுக்கு. சிரித்த பயல்களே ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டார்கள். சரசக்கா விசிலடித்தார், சத்தியமாக.

பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அடிப்பாகம் கோணல். நேராக நிற்காமல் ஆடியது. போச்சுடா என்று அண்ணனைப் பார்த்தேன். அவரும் அந்த ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கையாலும் கோப்பையை எடுத்து அக்காவிடம் கொடுத்து, "நல்லா இருக்குதல்ல, சரசு?" என்றார்.

அந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.