கப்பித்தேனுக்கு ஆறு கிலோ

காகிதத்தில் எழுதியிருந்தால் அரசலாறு மேற்கே ஓடுகிறது என்றாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய மனிதர் காரைக்காலிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய எல்லோருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பெயர் உண்டு. ஆனால் வெறுமனே 'சொல்தா' என்றால் தலத்தெருவில் ஒரு நாயோடு குடியிருந்த அவரைத்தான் குறிக்கும். நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் வாயால் சொல்லியிருக்க மாட்டார், புத்தகத்தை எடுத்து நீட்டியிருப்பார்.

அது அவருடைய பட்டாளப் புத்தகம். எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். உயரம், மார்பளவு, கண்பார்வை, எடை எல்லாம் எழுதி முத்திரை குத்தியிருக்கும். ஒருமுறை யாரோ அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று சொல்லப்போக, "யார்றா சொன்னது? புஸ்தகத்துல ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு போட்டிருக்கு" என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டார்.

நாயின் பெயர் கப்பித்தேன். பட்டாளத்தில் அவருக்கு மேலே இருந்த பிரெஞ்சு அதிகாரியின் பதவிப் பெயர் அது. நாய்க்குப் போய் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

"இருவது வருஷம் கப்பித்தேன் உக்காருன்னா உக்காந்தேன், எந்திரின்னா எந்திரிச்சேன். இப்ப நான் சொல்லி ஒரு கப்பித்தேன் உக்காரட்டுமே தம்பி."

பாவம், அந்த ஆசை நிறைவேறவே இல்லை. அந்த நாய் தூங்கும்போதுகூட நாலு காலும் ஓடிக்கொண்டிருக்கும். கடற்கரை நண்டு, விழிதியூரிலிருந்து நெல் ஏற்றிவரும் வண்டி, தபால்காரர் சைக்கிள், எது நகர்ந்தாலும் பின்னால் ஓடும். எதுவும் நகராவிட்டால் சும்மாவே ஓடும். விலா எலும்பைத் தெருவின் அந்தக் கோடியில் நின்றே எண்ணிவிடலாம். சொல்தாவோ, "ஓடுனா பசிக்கும், பசிச்சா திங்கும், தின்னா சதை போடும்" என்று காலையில் அதை மேற்கொண்டு இரண்டு மைல் கடற்கரையில் ஓட்டுவார். ஓட்டம் ஒழுங்காக நடந்தது. சதைதான் வரவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம், ஆடி மாதத்தில் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த நாய் கால் மடங்கி விழுந்துவிட்டது. சொல்தா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினார்.

"இந்த உடம்போட ஐப்பசி மழையத் தாங்காதுங்க. அதுக்குள்ள இருவது கிலோ வந்தாத்தான் பொழைக்கும்" என்று சொல்லி, டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலில் பூச்சி மருந்து. பிறகு ஒரேயடியாகக் கொட்டாமல் நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. குழைய வெந்த சோறு, முள் எடுத்த மீன், முட்டை, ஈரல். தின்றதும் அரை மணி ஓய்வு. ஓட்டம் பாதி. வாராவாரம் எடை.

எழுத்தில் வந்துவிட்டது, கேட்க வேண்டுமா! நாலு வேளையும் விசில் ஊதித்தான் நாய்க்குச் சோறு. ஓய்வு என்று போட்டிருக்கிறதே, நாய் படுக்காவிட்டால்? சொல்தாவும் அதன் பக்கத்தில் படுத்து, ஒரு காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்வார். போகிறவர்கள், "என்ன சொல்தா, நல்ல தூக்கமா?" என்றால், "தூங்கல, டூட்டி" என்பார்.

எடைக்குத்தான் எங்கள் மண்டிக்கு வந்தார்கள். மரைக்காயரின் நெல் மண்டியில் நான் நிறுவைக்காரன். உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு பக்கம் மூட்டை வைக்கும் பலகைத் தட்டு, மறுபக்கம் எடைக்கல் வைக்கும் கல் தட்டு. நாயைப் பார்த்ததுமே மரைக்காயர் கையைத் தூக்கிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சொல்தா. மனுசன் திங்கிற அரிசி ஏறுற தட்டு. நாய்க் கால் அதுல படக் கூடாது."

"அப்ப எப்புடிங்க நிறுக்கிறது?"

மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நீங்க ஏறி உக்காருங்க. அது உங்க மடியில உக்காரட்டும். தட்டுல ஏறுனது நீங்கதானே?"

முதலில் சொல்தாவை மட்டும் நிறுத்தேன். அறுபத்தெட்டு கிலோ. அவர் புத்தகத்தைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதிலும் அறுபத்தெட்டு!

"பாத்தியா தம்பி? இத்தன வருஷமா மாறல. இனிமே என்னைத் தனியா நிறுத்து நேரத்த வீணாக்காத."

பிறகு நாயோடு நிறுத்தேன். எண்பத்திரண்டு. அப்படியானால் நாய் பதினாலு. இன்னும் ஆறு கிலோ வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை, எண்பத்திரண்டு. அதற்கடுத்த வியாழன், எண்பத்திரண்டு. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. எண்பத்திரண்டு அசையவில்லை.

"கால் கிலோகூடவா ஏறல தம்பி?"

"இல்லீங்களேய்யா. ஆனா ரோமமெல்லாம் பளபளன்னுதான் இருக்கு."

"பளபளப்பு யாருக்கு வேணும்? எடையில ஏறலையே!"

இறங்கி, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். சண்டைக்களம் பார்த்த மனிதர் கிழக்கே கறுக்கும் மேகத்தைப் பார்த்துப் பயந்தார்.

இதற்கிடையில் மரைக்காயர் வியாபாரத்துக்காகக் கொழும்பு போயிருந்தார். புரட்டாசிக் கடைசியில் திரும்பியவர், தராசில் நாயும் கையுமாக உட்கார்ந்திருந்த சொல்தாவைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"அல்லாவே! என்னங்க இது, பாதி ஆளா ஆயிட்டீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வாராவாரம் பார்த்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கால்சட்டையைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். கன்னக் குழியில் ஒரு படி நெல் கொட்டலாம்.

"நாய எறக்கச் சொல்லி, அவர மட்டும் நிறு" என்றார் மரைக்காயர் என்னிடம்.

"எதுக்குங்க? நான் அறுவத்தெட்டு. புஸ்தகத்துலயே…"

"புஸ்தகம் கெடக்கட்டும், உக்காருங்க."

அறுபத்திரண்டு.

தராசு கெட்டுவிட்டது என்றார் சொல்தா. ஒரு மூட்டையை ஏற்றிக் காட்டினேன், சரியாகவே இருந்தது. மரைக்காயர் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் வாரம் எடை ஏறவில்லை என்றதும் தன் முட்டையை நாய்க்கு வைத்திருக்கிறார். அடுத்த வாரம் தன் மீனை. அதற்கும் அடுத்து பாலை. இவருக்கு மூன்று வேளையும் நீராகாரமும் வெங்காயமும்தான். நாய் ஏற ஏற இவர் இறங்கியிருக்கிறார், கூட்டுத்தொகை மட்டும் அப்படியே நின்றிருக்கிறது.

"ஏங்க, டாக்டர் சீட்டுல உங்களைப் பட்டினி கெடக்கச் சொல்லியா போட்டிருக்கு?"

"சாப்பிடச் சொல்லியும் போடலீங்களே."

சொல்லிக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். திடீரென்று துள்ளி எழுந்தார். "தம்பி! அப்ப கப்பித்தேன் இருவதா?"

"இருவதேதாங்கய்யா."

தான் ஆறு கிலோ கரைந்தது அவர் காதிலேயே விழவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு மண்டியைச் சுற்றி ஆடினார். இரண்டாவது சுற்றில் தலை கிறுகிறுத்து மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

வாயால் சொன்னால் சாப்பிடுகிற ஆளா அவர்? மரைக்காயர் நேரே மாட்டு டாக்டரிடம் போனார்.

"நான் மாடு பாக்குறவன்ங்க. மனுசனுக்கு எழுதக் கூடாது."

"உங்க சீட்டு இருந்தாத்தாங்க அவருக்குச் சோறு எறங்கும். ஒரு உசுரு விஷயம், எழுதுங்க."

எழுதினார். சொல்தாவுக்கு நாலு வேளை, முட்டை, மீன், அரை மணி ஓய்வு, வாராவாரம் எடை, அறுபத்தெட்டு வரும்வரை. கப்பித்தேனுக்கு இனி இரண்டு வேளை போதும். ஓட்டம் பழையபடி. எடை இறங்கினால் ஒரு கைப்பிடி கூட்டவும், ஏறினால் ஒரு கைப்பிடி குறைக்கவும். சொல்தா சல்யூட் அடித்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷ மழை பிய்த்து உதறியது. இரண்டு பேருமே தாண்டிவிட்டார்கள். கப்பித்தேன் முழங்கால் தண்ணீரில் தவளை துரத்தியது.

தை பிறப்பதற்குள் சொல்தா அறுபத்தெட்டைத் தொட்டுவிட்டார். ஆனால் அதைச் சொன்னால் சீட்டு முடிந்தது என்று முட்டையை விட்டுவிடுவார், மண்டிக்கு வருவதையும் விட்டுவிடுவார். வியாழக்கிழமை அவர் வராவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. அதனால் கல் தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு, "இன்னும் ஒரு கிலோ கொறையுதுங்கய்யா, நல்லா சாப்பிடுங்க" என்பேன். யாருக்கும் ஒரு பிடி நெல் கூட்டியோ குறைத்தோ நிறுத்தவன் இல்லை நான். அவர் ஒருவருக்கு மட்டும், அவர் இருந்தவரைக்கும், வாராவாரம் கள்ள நிறுவை போட்டேன்.