முளைப்பாரி வீட்டில் நின்ற கடல்மண் குழாய்

அன்பு மகள் கோகிலாவுக்கு,

திருப்புல்லாணியிலிருந்து அய்யா நாகநாதன் ஆசிகளோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நம் வீட்டு ஃப்ரிட்ஜும் நலம். நீ நலமா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் தெரியும். ஃபோனில் சொல்லலாம்தான். பாதி சொல்வதற்குள் நீ "அய்யா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அதனால், குழாயை ஏற்றிப் போக இன்று வரும் உங்கள் ஆய்வுக்கூட வண்டியிலேயே இதையும் கொடுத்து விடுகிறேன். முதலில் உட்கார். கொஞ்சம் தண்ணீர் குடி.

வைகை கடலில் சேரும் இடத்துக்கு எதிரே கடலடியில் இறக்கி எடுத்த, மண் நிறைந்த குழாயை, குளிர்வண்டி பழுதாகிவிட்டதென்று நம் வீட்டு ஃப்ரிட்ஜில் நிறுத்திவிட்டுச் சென்னைக்கு ஓடினாய். அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. குளிர் குறையக் கூடாது, படுக்கப் போடக் கூடாது, தலைகீழாக வைக்கவே கூடாது. "நல்லா மழை பெஞ்ச காலத்துல ஆறு நெறைய மண்ணக் கொண்டாந்து கடல்ல கொட்டிருக்கும்யா. பெய்யாத காலத்துல கொஞ்சமாத்தான் வந்திருக்கும். அதெல்லாம் அடுக்கடுக்கா இதுக்குள்ள இருக்கு. மேல இருக்கது நம்ம காலம், அடியில இருக்கது ராசாக்க காலம். மத்த குழாயெல்லாம் ஒடஞ்சிருச்சு. இதுவும் போச்சுன்னா என் ரெண்டு வருச வேலை போச்சு" என்றாய். நான் தாலுகா ஆபீசில் மழைமானி பார்த்து ஓய்வு பெற்றவன். முந்தின நாள் மழையையே காக்கா குடித்தது போக மிச்சத்தைத்தான் எழுதியிருக்கிறேன். என் மகள் ராஜாக்கள் காலத்து மழையைச் சொல்லப் போகிறாள் என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. குழாய்க்காகத் தட்டுகளைக் கழற்றியதில் நம் இட்லி மாவு அடுத்த வீட்டுக் காலிதாவிடமும், மீன் எதிர்வீட்டு ராக்குவிடமும் குடியிருக்கின்றன. நம் மாவை நாமே கேட்டு வாங்க அவர்கள் வாசலில் நிற்கிறோம். அதற்குக்கூட நான் முணுமுணுக்கவில்லை.

போன வாரம் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வியர்க்க ஆரம்பித்தது, நானும்தான். கீழக்கரைக்கு பஸ் ஏறி, மீன் ஏலம் போடுகிறவர்களிடம் கெஞ்சி ஒரு பெட்டி ஐஸ் வாங்கி, ஆட்டோவில் வந்து இறங்கினால் ஃப்ரிட்ஜ் காலி. உன் அம்மா நிதானமாகச் சொல்கிறாள்: "ஏன் பதறுறீக? ஊர்லயே குளுகுளுன்னு இருட்டா இருக்க எடம் எதுன்னு யோசிச்சேன். முளைப்பாரி வீட்ல கொண்டுபோய் வச்சுட்டேன்." யோசனையில் குறை சொல்ல முடியாது. மாரியாத்தா திருவிழாவுக்கு முளைப்பாரி வெளிறி வளர வேண்டுமென்று வெயில் படாமல் மூடி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் வீடு அது. ஆனால் அதன் படியை ஆம்பிளை மிதிக்கக் கூடாதே! ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று கத்தினேன்.

"ஏத்தா ராக்கு, குழாய் நிக்குதா, படுத்திருக்கா?"

"நல்லா செவத்துல சாஞ்சு நிக்குதுண்ணே!"

"சாயக் கூடாதுத்தா!"

"இந்தா, நிமித்தியாச்சு. சந்தனமும் வச்சாச்சு!"

"சந்தனம் எதுக்குத்தா?"

"உள்ள மழை இருக்குன்னு மதினி சொல்லுச்சு. மழைய வச்சுக்கிட்டு சும்மா இருப்பமா?"

அதன் பிறகு கும்மிச் சத்தம், குலவைச் சத்தம். என் குரல் யாருக்குக் கேட்கப் போகிறது? சாயங்காலம் கரண்ட் வந்ததும் குழாயைத் திருப்பிக் கேட்டேன். ஆத்தா வீட்டுக்குள் வந்தது ஊர்வலத்தோடுதான் வெளியே வரும் என்றுவிட்டார்கள். ஐஸை மட்டும் வாசலோடு வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் எல்லாரும் முளைப்பாரியைத் தலையில் சுமந்துவர, ராக்கு மட்டும் உன் குழாயை மஞ்சள் துணி சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு உயிரே இல்லை. முளைப்பாரியைக் கரைக்கும் கையோடு இதையும் கரைத்துவிடுவார்களே! கண்மாயில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. பாரியை ஓரத்துச் சேற்றில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, குழாயை என்னிடம் தந்தார்கள். பெய்யாத மழைக்கு என் வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொன்னேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா குழாயை மஞ்சள் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள். நீ பேனாவால் போட்டிருந்த அம்புக்குறியும் சேர்ந்து போய்விட்டது. ஒரு முனையில் நீல மூடி, மறு முனையில் வெள்ளை மூடி. எது மேல், எது கீழ்? ராக்கு ஒன்று சொல்கிறாள், அம்மா ஒன்று சொல்கிறாள். குத்துமதிப்பாகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் நம் காலத்து வறட்சியை நீ ராஜாக்கள் தலையில் கட்டுவாய், அவர்கள் காலத்து வெள்ளம் நம் கண்மாயில் வந்து நிற்கும். உன் இரண்டு வருட உழைப்பில் மண் விழுந்துவிட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டுவதானால் என்னைத் திட்டு. அம்மாவை ஒன்றும் சொல்லாதே. தீபாவளிக்கும் நீ வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. வந்த அரை நாளும் குழாயோடுதான் இருந்தாய். நீ போன பிறகு அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் குழாயிடம் "சாப்ட்டியாத்தா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

குழாய் வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல். வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாரியாத்தா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

உன் அய்யா,
நாகநாதன்

பி.கு.: வண்டி வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன டிரைவர் தங்கப்பாண்டி உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தார். உன்னோடு வேலை பார்க்கும் உமாமகேஸ்வரி, "நீல மூடி எப்பவும் மேல, வெள்ளை மூடி அடியில. அவ்வளவுதான் அங்கிள்" என்று சிரிக்கிறாள். நீல மூடி மேலேதான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய புலம்பலையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இன்னொன்று. குழாயைத் தூக்க தங்கப்பாண்டி உள்ளே வந்தபோது உன் அம்மா ஃப்ரிட்ஜை மறித்துக்கொண்டு, "வச்சுட்டுப் போனவளே வந்து எடுத்துக்கிறட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றுவிட்டாள். எனவே இந்தக் கடிதம் மட்டும்தான் வருகிறது. உன் அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று எழுதலாம்தான். சொல்லவில்லை, கோகிலா. நானும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.