எரிக்கின் பாத்ரூமும் பன்னிரண்டு வருஷமும்

ஆண்டர்சன்பேட்டை,
டிசம்பர் 15.

அன்புள்ள தம்பி வேலுவுக்கு,

பக்கத்து வீட்டு எரிக்கின் பாத்ரூம் நம் நிலத்துக்குள் வந்தது எந்த வருஷம்? சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கிய எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர.

அந்த முழங்காலால்தான் எல்லாம். இனி அம்மா குந்தி உட்காரக் கூடாது, வீட்டோடு சேர்ந்து வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். அதற்கு நமக்குள்ள இடம் பின்சுவரை ஒட்டிய மூன்றடி. அதில்தான் எரிக்கின் பாத்ரூம் நிற்கிறது. கோலாருக்குப் போய் வக்கீல் ராதிகாவைக் கேட்டேன். அடுத்தவர் நிலத்தைத் தன்னுடையதாகவே பாவித்துப் பன்னிரண்டு வருஷம் ஒருவர் வைத்திருந்தால், அப்புறம் வழக்குப் போட முடியாதாம். கைக்கடனுக்கு மூன்று வருஷம், கொலைக்கு வரம்பே கிடையாதாம். இதைக் கேட்ட அம்மா, "அப்ப அதுக்கு அவசரமில்ல, மொதல்ல பாத்ரூமப் பாரு" என்றாள். அதைக் கட்டிய வருஷத்தைக் கேட்டால், "நீ ஸ்கூட்டர்ல வுழுந்தியே, அந்த வருசம்" என்கிறாள். நான் மூன்று முறை விழுந்திருக்கிறேன். முதலாவது என்றால் காலம் கடந்துவிட்டது. இரண்டாவது என்றால் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மூன்றாவது என்றால் நிதானமாக இருக்கலாம்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். நம் அனுமதியோடு வைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு தொடங்கவே தொடங்காதாம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்து எரிக், "அக்கா, பாத்ரூம் இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுங்களா?" என்று கேட்பதும், வாயில் கேக்கோடு நான் தலையாட்டுவதும் உனக்குத் தெரியும். அது என் பலவீனம் என்று நினைத்திருந்தேன்; சட்டப்படி அதுதான் நம் பலமாம். ஆனால் அதற்குச் சாட்சி எரிக் ஒருவன்தான். வழக்குப் போட்டால், கேட்டேன் என்று சொல்வானா? போடாவிட்டால், இந்த வருஷமும் கேட்பானா? கேக்கை வாங்குவதா, வேண்டாமா? ஒன்றும் விளங்கவில்லை. எதற்கும் நாளை சர்வேயரை வரச்சொல்லியிருக்கிறேன். அளந்த சீட்டு கிடைத்ததும் வழக்குதான்.

குழந்தைகளுக்கு என் ஆசி. அம்மாவின் ஆசியை அவளே போனில் விரிவாகச் சொல்வாள்.

உன் அக்கா,
சம்பங்கி

பின்குறிப்பு: மறுநாள் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. சர்வேயர் வந்தார். எரிக்கின் பாத்ரூம் நம் நிலத்தில் மூன்றடி இருப்பது உண்மை. நம் சமையலறை அவன் நிலத்தில் நாலடி இருப்பதும் உண்மை. அதை அப்பா கட்டிய வருஷம் எனக்கு நன்றாகத் தெரியும், நான் பத்தாவது எழுதிய வருஷம். நாம் ஒரு முறைகூட யாரையும் கேட்டதில்லை. எரிக்குக்கு இது புதிதில்லை. "எங்கப்பா சொல்லிகீறாரு, அக்கா. எரியற அடுப்பண்ட போயி இன்னா சண்டை?" என்றான். பிறகு முழங்கால் விஷயம் கேட்டு, கொத்தனாரைக் கூட்டிவந்து, என் அனுமதியோடு நம் பின்சுவரை உடைத்து அவன் பாத்ரூமுக்கு வழி வைத்துவிட்டான். வெஸ்டர்ன் உள்ளேயே இருக்கிறது. கதவு சனிக்கிழமைதான் வருமாம், அதுவரை போர்வை தொங்குகிறது. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக எரிக் சத்தமாகப் பாடுகிறான். இப்போதும் பாடிக்கொண்டிருக்கிறான். வெளியே காத்திருக்கும் அம்மா, "இதுக்கு எத்தினி நேரமாம், உங்க சட்டத்துல?" என்று கேட்கிறாள்.