எட்டைக் கண்டால் ஆகாதவர்

குத்துக்கல்வலசையில் உள்ள உருக்குப் பரிசோதனைக் கூடத்தில் ஷிஃபா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்த பேச்சு இது. அம்மோனியாத் தொட்டி செய்ய வந்த தகட்டில் மூன்று துண்டு வெட்டி, உறைகுளிரில் ஊறவைத்து, ஊசல் சுத்தியலால் அடித்தாயிற்று. முறிய எவ்வளவு அடி வாங்கியது என்று எந்திரம் எண் காட்டும். குறைந்தது இருபத்தேழு வர வேண்டும். இரண்டு துண்டு முரண்டு பிடித்து முறிந்தன: அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு. மூன்றாவது கண்ணாடிபோல் பட்டென்று போனது: எட்டு.

“சராசரி நாப்பத்திரண்டு. பாஸ்னு போடும்மா,” என்றார் மேலாளர் சிவசுப்பிரமணியன்.

“எட்டு வந்திருக்கே சார்.”

“அது துண்டு வெட்டுன லெச்சணம். விட்டுரு. விட்டா சராசரி இன்னும் ஏறும்லா?”

“மூணுல ஒண்ணு இப்படின்னா, முழுத் தகட்டுல எத்தனை எடம் இப்படி இருக்கும்? விரிசல் சராசரி பாத்து விடாது சார். இருக்கதுலயே நோஞ்சான் எடத்துலதான் விடும்.”

“நீ ரொம்பப் படிச்சிட்ட.”

வாசகரே, இந்த இனத்துக்குச் சராசரிக்காரர் என்று பெயர். குற்றால அருவியில் வெள்ளம் வருகிறதென்று காவலர் விசில் ஊதினாலும், மனைவி சொக்கம்மாள் கையைப் பிடித்து இழுத்தாலும், நம் சிவசுப்பிரமணியன் போன பத்து வருஷத்தில் இந்தத் தேதியில் வெள்ளம் வந்ததே இல்லை என்று தலையில் எண்ணெயோடு நின்று கணக்குச் சொல்வார். சாம்பாரில் உப்புக் கூடி ரசத்தில் குறைந்தால் இரண்டையும் கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள் என்று பந்தியில் தீர்ப்பு வழங்குவார். யாருக்காவது சோற்றில் கல் கடிபட்டால், எத்தனை ஆயிரம் பருக்கைக்கு ஒரு கல் என்று விசாரிப்பார். பல் அடுத்தவருடையது அல்லவா?

அந்தத் தொட்டி வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் போகிறது. அதன் நிழலில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கப் போகிறார்கள். தொட்டி விண்டால், சராசரியாகப் பாதிப் பேர் பிழைப்பார்கள் என்று அவர் ஆறுதல் சொல்லக்கூடும். ஷிஃபா பாஸ் என்று கையெழுத்துப் போடவில்லை, சண்டையும் போடவில்லை. தினம் காலையில் அறிக்கையை அப்படியே அவர் மேஜையில் வைப்பாள். தினம் மாலையில் அது திரும்பி வரும்.

சிரிக்கிறீர்களா? நேற்று தலைக்கவசத்தை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு இலஞ்சி வரை போனது யார்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் விழுந்ததில்லை என்று சொன்னதும் நீங்கள்தானே?

நான்காம் நாள் சிவசுப்பிரமணியன் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஊஞ்சல் சங்கிலி, பேத்திக்காக வாங்கியது. கையெழுத்தில்லாத அறிக்கையின் மேலேயே அதை இறக்கி வைத்தார்.

“பிள்ளை ஆடுத ஊஞ்சல், ஷிஃபா. சராசரியெல்லாம் வேண்டாம்மா. ஒவ்வொரு கண்ணியா பாத்துச் சொல்லு.”