சட்டை மடியும் நேரம்

"மாப்பிள்ளை, சட்டைக்கு விக்கல் எடுக்குதே," என்று மாமனார் கைபேசியை நீட்டினார்.

திரையில் ஒரு நீலச் சட்டை தன்னைத் தானே மடித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் சலவைக் கடைச் செயலிக்காக மாப்பிள்ளை செய்தது. வெளுத்த துணியைத் திரும்ப வாங்க வருபவர் தன் கைபேசியில் பெயரைத் தட்டினால், ரசீது வரும்வரை இந்தச் சட்டை மடிய வேண்டும். எதிர்க் கடைச் செயலியில் ஒரு வாளி குதிக்கிறதாம். மாமனாருக்கு அது பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து அனிமேஷன் செய்பவர். இதுதான் முதல் வேலை. திங்கட்கிழமைக்குள் சட்டை ஒழுங்காக மடியாவிட்டால் சலவைக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று பேச்சு.

"இது ஜிஃப் படம், பழைய சரக்கு மாமா, வெட்டி வெட்டித்தான் ஓடும். வீடியோவா மாத்திடுறேன்."

வீடியோ அவர் கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மனைவியின் கைபேசியில் ஓடவே இல்லை. சட்டையின் நெஞ்சில் 'பிளே' வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சட்டைக்கு இவ்ளோ பெரிய பட்டனா?" என்றாள் மனைவி.

அவர் புதிய முறைக்கு மாறினார். படமே கிடையாது, ஒவ்வொரு மடிப்பையும் கைபேசியே அந்தந்த நொடியில் வரைந்துகொள்ளும். சட்டை பட்டுப்போல மடிந்தது. மனைவி கைபேசியைச் சட்டென்று மேசையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க. இதுலயே இஸ்திரி போடலாம்."

"பழைய போனுக்குப் பழசு, புது போனுக்குப் புதுசு. எல்லாத்தையும் உள்ள வச்சிடுறேன்."

"பேசாம அப்பா கடையிலேயே உட்காருங்களேன். ஏசி இருக்கு."

"மாட்டேன்."

மூன்று சட்டைகளும் உள்ளே போயின. எந்தக் கைபேசி என்று விசாரித்து, பொருத்தமான சட்டையை எடுத்து வர ஒரு நிரலும் எழுதினார். செயலி நன்றாகக் கனத்து மந்தமாகிவிட்டது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்த எல்லார் கைபேசியிலும் சட்டை மடிந்தது. விக்கல் இல்லை, பட்டன் இல்லை, சூடு இல்லை. மடிந்தது, விரிந்தது, மறுபடி மடிந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது.

மாமனார் அவர் தோளைத் தட்டினார். "ஜெயிச்சிட்டீங்க மாப்பிள்ளை. காத்திருக்கிறவங்க யாருக்கும் அலுப்பே தெரியல."

கவுண்டரில் துணிப் பொட்டலங்களோடு நின்ற கடைப் பெண் வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இந்தச் சட்டை வர்றதுக்கு முன்னாடி நம்ம கடையில யாரும் காத்திருந்ததே இல்லையே."